வலது காதில் ஓடிய தண்ணீர்

எனக்கு வாய் ஜாஸ்தி என்று ஊரில் பேர். கச்சிராயபாளையத்தில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கல்வராயன் மலைமேல் நான் ரேஷன் கடை நடத்தும் ஊரில் கேட்டால் இன்னும் நன்றாகவே சொல்வார்கள். அரிசி வண்டி வராத நாளில் எனக்கும் வரிசையில் நிற்பவர்களுக்கும் நடக்கிற சண்டையைப் பார்க்கவென்றே சிலர் வந்து நிற்பதுண்டு. அப்பேர்ப்பட்ட என்னை, கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ஐசியூவில், வாயிருந்தும் ஊமையாக்கிப் போட்டிருந்தார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். சொன்னால் அந்த ஓர் இடத்தை மட்டும் திட்டிவிட்டு நீங்கள் நிம்மதியாகப் போய்விடுவீர்கள்.

காய்ச்சல் வந்த கதையே வயிற்றெரிச்சல்தான். எங்கள் கடைக்குக் கட்டடம் இருக்கிறது, தராசு இருக்கிறது, கைரேகை மெஷின் இருக்கிறது, கக்கூஸ் மட்டும் இல்லை. வருகிற அதிகாரியிடமெல்லாம் கேட்டுப் பார்த்துவிட்டேன். ஒருவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "இவ்ளோ எடம் கெடக்குது, இன்னாம்மா கொறைச்சல்?" என்று சிரித்தார். அவர் சொன்ன இடம், கடைக்குப் பின்னால் இருக்கும் உண்ணிச்செடிப் புதர். அங்கேதான் போய் வந்துகொண்டிருந்தேன். அங்கே கண்ணுக்குத் தெரியாத பூச்சி ஏதோ இடுப்பில் கடித்திருக்கிறது. வலிக்கவும் இல்லை, அரிக்கவும் இல்லை. காய்ச்சல் அடித்தது. மாத்திரையைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். மறுபடி அடித்தது, மறுபடி மாத்திரை. கடைசியில் ஒரு நாள் மலையிலிருந்து இறங்கி வரும்போது பஸ்ஸிலேயே கண் இருட்டிக்கொண்டு வந்தது. கண்டக்டரும் பூ விற்கும் ஒரு பெண்ணும் என்னைத் தூக்கி இறக்கினார்களாம்.

ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது பிரஷர் அதலபாதாளத்தில் இருந்தது. பெரிய டாக்டர் என் புடவையை விலக்கிப் பார்த்து, இடுப்பில் சிகரெட்டால் சுட்டதுபோல் இருந்த கறுப்புப் பொருக்கைக் கண்டுபிடித்து, இது உண்ணிக் காய்ச்சல் என்றார். நான் இன்று உயிரோடிருப்பது அந்தக் கண்டுபிடிப்பால்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நன்றி கெட்டவள் என்பீர்கள். ஆனால் அப்போது ஒன்றைக் கவனித்தேன். பொருக்கு இருந்தது என் இடுப்பில். "எத்தனை நாளா காய்ச்சல்?" என்று அவர் கேட்டது என் வீட்டுக்காரரை.

என் வீட்டுக்காரர் கரும்பு விவசாயம் செய்கிறவர், சாது. ஆலைக்காரர்கள் வெட்டு உத்தரவைத் தள்ளிப் போட்டாலும் "சரிங்க" என்று சொல்லிவிட்டு வருவார். டாக்டர் கேட்டதும் அவர் விழித்தார். நான், "ஒரு வாரமா இருக்குது டாக்டர்" என்றேன். டாக்டர் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்வியையும் அவரிடமே கேட்டார். ஐசியூவில் அதுதான் வழக்கம் என்று போகப் போகத் தெரிந்தது. அங்கே கட்டிலில் கிடப்பவர் பேஷண்ட், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் அட்டெண்டர். கேட்பதும் சொல்வதும் எல்லாம் அட்டெண்டரோடுதான். பேஷண்டிடம் பேசும் ஒரே பேச்சு, "கம்முனு படுங்க."

பிரஷரை ஏற்றும் மருந்தைக் கையில் போட்ட ஊசி வழியாக ரொம்ப நேரம் விடக்கூடாதாம். சின்ன நரம்பு வெந்துபோய்விடுமாம். அதனால் காறை எலும்புக்குக் கீழே குத்தி, பெரிய ரத்தக் குழாய்க்குள் ஒரு மெல்லிய ட்யூபை விட வேண்டும், அதன் நுனி இதயத்துக்குக் கொஞ்சம் மேலே போய் நிற்க வேண்டும். இதையெல்லாம் டியூட்டி டாக்டர், சின்ன வயதுக்காரர், என் வீட்டுக்காரரிடம் விளக்கிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் படுத்து ஒட்டுக்கேட்டுத் தெரிந்துகொண்டேன். குத்தப் போவது என் நெஞ்சில், ஒட்டுக்கேட்க வேண்டியவளும் நானே! இதை எங்கே போய்ச் சொல்ல?

முகத்தின்மேல் பச்சைத் துணியைப் போட்டு மூடினார்கள். வலது பக்கம் மரத்துப்போக ஊசி போட்டார்கள், பிறகு யாரோ எலும்புக்குக் கீழே முட்டுக்கொடுத்துத் தள்ளுவதுபோல் இருந்தது. முடிந்ததும் உருட்டிக்கொண்டு வந்த எக்ஸ்ரே மெஷினால் படம் எடுத்தார்கள். படம் டாக்டரின் செல்போனுக்கு வந்தது. அவர் பார்த்தார், "லங் நல்லா இருக்கு, பங்க்சர் இல்ல. மருந்து ஸ்டார்ட் பண்ணுங்க" என்று நர்ஸிடம் சொல்லிவிட்டுப் போனைப் பையில் போட்டார். நுரையீரலில் ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பார்த்தார். ட்யூபின் நுனி எங்கே போய் நிற்கிறது என்று அந்தப் படத்திலேயே தெரியும். அவர் அதைத் தேடிப் பார்க்கவில்லை என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

நர்ஸ் ட்யூபில் ஊசியைச் செருகி உப்புத் தண்ணீரை அழுத்தினாள். அவ்வளவுதான், என் வலது காதுக்குள் சளசளவென்று தண்ணீர் ஓடியது.

கற்பனை இல்லை. கோமுகி அணை வாய்க்காலில் மடை திறந்ததும் கரும்புப் பாத்திக்குள் தண்ணீர் நுழையுமே, அந்தச் சத்தம். தாடைக்குக் கீழே ஒரு குடைச்சலும் சேர்ந்துகொண்டது. அவள் அழுத்துவதை நிறுத்தினாள், சத்தம் நின்றது. "சிஸ்டர், காதுல தண்ணி ஓடுது" என்றேன். வாயில் ஆக்சிஜன் மாஸ்க், பேச்சு பாதிதான் வெளியே வரும். அவள் குனிந்து கேட்டுவிட்டு, "மூஞ்சி தொடச்சப்ப காதுல தண்ணி பூந்திருக்கும்" என்று பஞ்சால் துடைத்துவிட்டாள். உள்ளே ஓடும் தண்ணீரை வெளியே துடைக்கிறாள்! ட்யூபிலிருந்து ரத்தம் இழுத்துப் பார்த்தாள், வந்தது. "லைன் சூப்பரா வொர்க் ஆவுது" என்றாள்.

அதன்பின் அவள் ஊசியை அழுத்தும்போதெல்லாம், பாட்டிலை வேகமாகத் திறந்துவிடும்போதெல்லாம், சத்தம் வந்தது. நானும் ஒவ்வொரு தடவையும் சொன்னேன். வருகிறவர், போகிறவர், தரை துடைப்பவர் எல்லோரிடமும் சொன்னேன். கடைசியில் அந்த நர்ஸ் சலித்துப்போய், "ஆயா, கொஞ்சம் கம்முனு இருங்க ஆயா" என்றாள். அட கடவுளே! எனக்கு இன்னும் ஐம்பதுகூட முடியவில்லை. காதில் தண்ணீர் ஓடுகிறது என்றால் நம்ப மாட்டாள், நான் ஆயா என்று மட்டும் அவளாகவே முடிவு கட்டிவிட்டாள்.

டியூட்டி டாக்டர் வந்தார். என்னைப் பார்க்கவில்லை, என் தலைமாட்டில் இருந்த திரையைப் பார்த்தார். நர்ஸ் அவரிடம், "பேஷண்ட் ஒளறிக்கினே இருக்காங்க சார், காதுல தண்ணி ஓடுதாம்" என்றாள். அவர் என் வீட்டுக்காரரை உள்ளே கூப்பிட்டார்.

"இவங்க எங்க வேலை பாக்கறாங்க?"

"மலையிலங்க. ரேஷன் கடை."

"சரக்கு ஏதாவது பழக்கம் உண்டா?"

என் வீட்டுக்காரர் கூனிக் குறுகிப் போனார். "அய்யய்யோ, அதெல்லாம் இல்லீங்க" என்றார். கருணாபுரத்துக் கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் யார் எதை உளறினாலும் முதல் சந்தேகம் சாராயத்தின் மேல்தான். அதிலும் சாராயம் காய்ச்சும் இடம் என்று பேர் வாங்கிய மலை காதில் விழுந்துவிட்டால் போதும், கேட்கவே வேண்டாம். பழக்கமாகக் குடித்தவர்கள் திடீரென்று நிறுத்தினால் இல்லாத சத்தமெல்லாம் கேட்குமாம். அதனால் கேட்டாராம். கேட்கட்டும், தப்பில்லை. என்னைக் கேட்டிருந்தால், "கோயில் தீர்த்தத்தத் தவிர எதையும் தொட்டதில்ல, நீ எப்படி?" என்று திருப்பிக் கேட்டிருப்பேன். அதற்குத்தான் வழியில்லையே. "அப்ப பிரஷர் கம்மியானதால கொழப்பம், சரியாயிடும்" என்று அவர் தீர்ப்பு சொல்லிவிட்டுப் போனார்.

பார்வையாளர் நேரத்தில் என் நாத்தனார் வந்தாள், வீட்டுக்காரரின் தங்கை. அவள் ஒருத்திதான் என் பக்கத்தில் வந்து மாஸ்க்கைக் கொஞ்சம் தூக்கி, "அண்ணி, எந்தக் காதுல கேக்குது? எப்பப்ப கேக்குது? அருவி மாதிரியா, வாய்க்கா மாதிரியா?" என்று விவரம் விசாரித்தாள். எனக்கு உயிர் வந்தது. மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, "அண்ணே, நான் சொல்லல? மலையில ஓடையாண்ட போயிருக்காங்க. இது கன்னிமார் வேலைதான்" என்றாள். நாசமாப் போச்சு! அவ்வளவு நல்ல கேள்விகளைக் கேட்டுவிட்டு, பதிலை மூட்டை கட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்த இடத்தைப் பாருங்கள்.

ஓடையிலும் அருவியிலும் கன்னிமார் குடியிருப்பார்கள், வேளை கெட்ட வேளையில் பெண்கள் அங்கே போனால் கோபித்துக்கொள்வார்கள் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. நானும் கும்பிடுகிறவள்தான். ஆனால் நான் போனது ஓடைக்கு இல்லை, கக்கூஸ் இல்லாமல் புதருக்கு. கன்னிமாருக்குக் கோபம் வந்தால் கக்கூஸ் கட்டாதவன் மேல்தானே வர வேண்டும், என்மேல் எதற்கு வருகிறது? நாத்தனார் திருநீறைக் குழைத்து என் நெற்றியில் பூசினாள். வீட்டுக்காரர் மஞ்சள் துணியில் காசு முடிந்து, பிழைத்து எழுந்தால் பொங்கல் வைத்துச் சேலை சாத்துவதாக வேண்டிக்கொண்டார். டாக்டருக்கு நான் உளறுகிறேன், வீட்டுக்கு நான் பிடிபட்டிருக்கிறேன். இரண்டு பேரும் தங்கள் தங்கள் விடையோடு திருப்தியாகப் போய்விட்டார்கள். காதை வைத்துக்கொண்டு நான் கிடந்தேன்.

தாடைக்குக் கீழே குடைச்சல் ஏறிக்கொண்டே போனது. கழுத்தின் வலது பக்கம் இறுக்கமாக இருந்தது. இந்த ட்யூப் ஏதோ தப்பான வழியில் போகிறது, மருந்து நெஞ்சுக்குப் போகாமல் தலைக்கு ஏறுகிறது என்று என் மனதுக்குப் பட்டது. மருத்துவம் படித்தா தெரிந்துகொண்டேன்? அழுத்தினால் கேட்கிறது, நிறுத்தினால் நிற்கிறது, பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடப் புரிகிற கணக்கு. இப்படியே விட்டால் தலைக்குள் என்ன ஆகுமோ என்று பயம் பிடித்துக்கொண்டது. உண்மையைச் சொல்கிறேன், காய்ச்சலுக்குப் பயப்படாதவள் அதற்குப் பயந்தேன். வலிக்கிற இடத்தைக் காட்டலாம் என்று கையைக் கழுத்துக்குக் கொண்டுபோனேன். "லைனைப் புடுங்கப் பாக்கறாங்க!" என்று கத்தினார்கள். இரண்டு கையையும் கட்டிலின் கம்பியோடு சேர்த்துத் துணியால் கட்டினார்கள். தூக்க ஊசி ஒன்று போட்டார்கள். அடப்பாவிங்களா, வாயும் போயிற்று, கையும் போயிற்று.

விழித்தபோது ஷிப்டு மாறியிருந்தது. புது நர்ஸ் எலவனாசூர்கோட்டைக்காரி என்று பேச்சில் தெரிந்துகொண்டேன். அவள் உப்புத் தண்ணீர் ஊசியோடு வந்தாள். நான் கத்தவில்லை. கத்தினால் இன்னொரு ஊசி போட்டுத் தூங்கவைப்பார்கள் என்ற புத்தி வந்திருந்தது. ரேஷன் கடையில் ஒரு கிழவி வருவார். மண்வெட்டி பிடித்துப் பிடித்துக் கட்டைவிரல் ரேகை தேய்ந்துபோனவர். மெஷின் அவரை அவர் இல்லை என்று சொல்லும். அவர் சண்டை போட மாட்டார், இன்னொரு விரலை வைப்பார், அதுவும் இல்லையென்றால் அடுத்த விரல், விழும்வரை வைத்துக்கொண்டே இருப்பார். அந்தப் பொறுமையை எப்படியோ வரவழைத்துக்கொண்டு, "கண்ணு, எனக்குப் புத்தி கெட்டுப்போச்சுன்னுதான சொன்னாங்க?" என்றேன்.

"அப்டியெல்லாம் இல்லம்மா" என்றாள். முகம் ஆமாம் என்றது.

"ஒரு பந்தயம் கட்டுவியா? என் கண்ணத் துணியால மூடிடு. நீ உன் இஷ்டத்துக்கு அழுத்து, இஷ்டத்துக்கு நிறுத்து. காதுல சத்தம் கேட்டா நான் விரல ஆட்டறேன். ஒருவாட்டி தப்பா ஆட்டினாலும் அப்பறம் வாயே தொறக்க மாட்டேன்."

அவள் சிரித்தாள். "வாயே தொறக்க மாட்டீங்களா? அதுக்காவே பாக்கலாமே" என்றாள். என்னைப் பற்றிச் சொல்லித்தான் ஷிப்டு மாற்றியிருக்கிறார்கள் போல.

கண்மேல் துணி விழுந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு சளசளவென்றது, விரலை ஆட்டினேன். நின்றது, நிறுத்தினேன். சும்மா பேச்சுக் கொடுத்து என்னைக் குழப்பப் பார்த்தாள், நான் அசையவில்லை. வேண்டுமென்றே துளி அழுத்தி உடனே நிறுத்தினாள், நான் விரலைத் துளி தூக்கி இறக்கினேன். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. துணியை எடுத்தபோது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. "யம்மா, கரெக்டா சொல்றீங்களே" என்று முணுமுணுத்தாள். பாட்டிலை நிறுத்திவிட்டு, போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள்.

பெரிய டாக்டர் வந்தார். கம்ப்யூட்டரில் எக்ஸ்ரேயைப் பெரிதாக்கிப் பார்த்தார். ஸ்கேன் கருவியைக் கழுத்தில் வைத்து, நர்ஸை ஊசி அழுத்தச் சொல்லி அதையும் பார்த்தார். பிறகு டியூட்டி டாக்டரைப் பார்த்து, "கேத்தட்டர் மேல திரும்பி கழுத்து நரம்புக்குள்ள ஏறி நிக்குது. லங்கை மட்டும் பாத்தா போதுமா? டிப் எங்கன்னு பாக்க வேணாமா? காதுல தண்ணி சத்தம் கேக்குதுன்னு பேஷண்ட் சொன்னா இதுதான்னு புஸ்தகத்துலயே இருக்கே!" என்று பல்லைக் கடித்தார்.

புத்தகத்திலேயே இருக்கிறதாம்! அதைக் கேட்டதும் எனக்கு வந்த ஆத்திரத்தில் பிரஷர் மருந்தே தேவைப்பட்டிருக்காது. யாரோ ஒரு பேஷண்ட் எங்கோ சொன்னதை ஒருவர் காது கொடுத்துக் கேட்டு எழுதி வைத்திருக்கிறார். இவர்கள் படித்துப் பரீட்சையும் எழுதியிருக்கிறார்கள். அதையே நான் வாய் ஓயாமல் சொன்னபோது கையைக் கட்டிப் போட்டார்கள்.

டியூட்டி டாக்டர் என் வீட்டுக்காரரிடம் போய், "சில சமயம் இப்படி ஆகறது சகஜம்தாங்க, லைன் கொஞ்சம் திரும்பிடும்" என்றார். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். அவர் விட்ட ட்யூப் வழி தவறினால் சகஜம், நான் அதைச் சொன்னால் மனக்குழப்பம். ட்யூப் திரும்பிப் போவது யாருக்கும் நடக்கலாம், ஒப்புக்கொள்கிறேன், உள்ளே போகும் வழி கண்ணுக்கா தெரிகிறது? அதற்குத்தானே படம் எடுப்பது. அதற்குத்தானே பேஷண்டுக்கு வாய் வைத்திருப்பது.

பழைய ட்யூபை உருவிவிட்டு, பெரிய டாக்டரே ஸ்கேனில் பார்த்துப் பார்த்துக் கழுத்து வழியாகக் கீழ்நோக்கிப் புதிய ட்யூபை விட்டார். மறுபடியும் எக்ஸ்ரே. நர்ஸ் மருந்தை மாட்ட வந்தபோது, "படத்த எனக்குக் காட்டாம ஒரு சொட்டுகூட ஏத்தக் கூடாது" என்றேன். டியூட்டி டாக்டர், "உங்களுக்கு அதெல்லாம் புரியாதும்மா" என்று ஆரம்பித்தார். பெரிய டாக்டர் கையமர்த்திவிட்டு, கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பச் சொன்னார். விலா எலும்புகளுக்கு நடுவே வெள்ளைக் கோடு ஒன்று கழுத்திலிருந்து இறங்கி இதயத்துக்கு மேலே வந்து நின்றிருந்தது. பக்கத்தில் பழைய படம். அதில் கோடு நெஞ்சுக்கு வராமல் வளைந்து என் தலையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது?

என் கைக்கட்டை நர்ஸ் அவிழ்த்துவிட்டாள். பெரிய டாக்டர் தானே ஊசியை வாங்கி மெதுவாக அழுத்தினார். பிறகு கட்டிலின் கால்மாட்டில் நின்ற என் வீட்டுக்காரரைப் பார்த்து, "இப்ப காதுல சத்தம் கேக்குதான்னு உங்க ஒய்ஃபைக் கேளுங்க" என்றார்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். டாக்டர் மறுபடியும் கேட்டார். வீட்டுக்காரர் தோள் துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அது அவ காதுங்க. அவ முழிச்சிக்கினுதான் கீறா. அவளையே கேளுங்க."

டாக்டருக்கு முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. ஊசியை வைத்துவிட்டுத் தலைமாட்டுக்கு வந்தார். குனிந்தார். அந்த ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து முதன்முறையாக ஒரு டாக்டர் என் கண்ணைப் பார்த்தார். "சத்தம் கேக்குதாம்மா?" என்றார்.

எவ்வளவு வசவைச் சேர்த்து வைத்திருந்தேன் தெரியுமா? ஒன்றும் வரவில்லை. "இல்லங்க, கேக்கல" என்று சொல்லி முடிப்பதற்குள் அழுகை பொங்கிக்கொண்டு வந்துவிட்டது. டாக்டர் என்னையே ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, "ஏன் அழறாங்க?" என்று கேட்டார்.